ஏலம் போன பதவிக்கு எதிராக நிற்கலாமா?

காரைக்குடியை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து வந்த கடிதம் இது. எழுதியவர் மகளிர் சுயஉதவிக்குழு ஒன்றின் ஊக்குநர். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியும் சுருக்கியும் தருகிறேன்.

குழுவில் பன்னிரண்டு பெண்கள். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை செய்து காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளுக்குப் போடுகிறார்கள். ஒரு கிராமசபையில், ஊர்க் கண்மாயில் அள்ளிய மண்ணுக்குக் கணக்குக் கேட்டார்கள். கணக்கு வரவில்லை, 'கேள்வி கேட்கிற கூட்டம்' என்ற பெயர்தான் வந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் வந்த ஊராட்சி நிர்வாகத்தின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர் கைக்குப் போனது. அடுத்த தலைவர் யார் என்ற பேச்சு ஊரில் அப்போதே தொடங்கிவிட்டது. அம்மன் கோயில் பொட்டலில் கூட்டம் போட்டு, கும்பாபிஷேகச் செலவை ஏற்பதாகச் சொன்ன ஒரு கட்சிப் பிரமுகருக்குப் பதவி என்று முடிவானது. பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் அவர் மனைவி நிற்பார். வேறு யாரும் நிற்கக்கூடாது என்று வீட்டுக்கு ஒருவரிடம் சூடம் ஏற்றிச் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். பெண்களைக் கூப்பிடவே இல்லை.

குழுவினர் இவரை நிற்கச் சொல்கிறார்கள். செய்தி வெளியே போனதும் தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி வீட்டு வாசலில் பைக்குகள் நின்று ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டுப் போகின்றன. இரண்டு கடைக்காரர்கள் பலகாரம் வேண்டாம் என்றுவிட்டார்கள். கணவர் வேலை பார்க்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறை முதலாளியிடம் போய்ப் பேசியிருக்கிறார்கள். குழுவின் பொருளாளர் காலனியைச் சேர்ந்தவர். அவருக்கு வயல் வேலை கிடையாது என்று சொல்லியாகிவிட்டது. இன்னொரு பெண்ணிடம், "நீ யார்கூடப் பேசுறேன்னு ஊர் முழுக்கச் சொல்லுவோம்" என்றார்கள். கடைசியாக டீக்கடையில் ஒருவர் இவருடைய கணவரின் தோளில் கைபோட்டுக்கொண்டு, "பாப்பா காலேஜ் பஸ் ஏழே காலுக்குத்தானே வருது?" என்று சிரித்தபடி கேட்டிருக்கிறார்.

காவல் நிலையத்துக்குத் தனியாகப் போனார். "அடிச்சாங்களா? பஸ் டைம் கேட்டா கேஸா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதுரையில் இருக்கும் அக்கா மகன், "நாலு காரில் ஆள் கொண்டுவர்றேன் சித்தி. 1942-ல தேவகோட்டை கோர்ட்டையே கொளுத்தின சீமை நம்மளுது" என்கிறான். கணவரோ, பேசாமல் இருந்துவிடலாம் என்கிறார். "அகிம்சை என்றால் அவர் சொல்வதுபோல் அடங்கிப் போவதுதானா? நான் நிற்கவா, வேண்டாமா?" என்று முடிகிறது கடிதம்.

சகோதரிக்கு வணக்கம்.

பஸ் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காவல் நிலையத்தில் உங்களுக்குச் சொன்னது சட்டம் அல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவு, 'கொல்வேன்', 'வெட்டுவேன்' என்ற சொற்களைக் கேட்பதில்லை. ஒருவருக்கோ அவருக்கு வேண்டியவருக்கோ உடலுக்கும் பெயருக்கும் சொத்துக்கும் கேடு வரும் என்று அச்சமூட்டி, அவர் செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யவிடாமல் தடுப்பது குற்றமுறு மிரட்டல். மகள் பெயரைச் சொல்லித் தாயைத் தேர்தலில் நிற்காமல் தடுப்பது அதற்குள் வரும். இரண்டு ஆண்டுவரை தண்டனை. கொலை, கொடுங்காயம், தீவைப்பு என்று மிரட்டினால் ஏழு ஆண்டுவரை போகும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு பரப்புவதாக மிரட்டுவதும் இதே ஏழாண்டு வரிசையில்தான் இருக்கிறது. உங்கள் குழுப் பெண்ணிடம் பேசியவர்கள் அதை அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் பிரிவு எண் மகளைக் கல்லூரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்காது. அதனால் இன்றே, கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் சொல்லிவையுங்கள். பஸ் ஓட்டுநர், நடத்துநர் இருவருக்கும் விஷயம் தெரியட்டும். ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் குழுவில் ஒருவர், முடிந்தால் இருவர், முறைபோட்டு நில்லுங்கள். படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒருமுறை நிறுத்தினால், அடுத்த மிரட்டலுக்கு விலை நிர்ணயித்துக் கொடுத்ததுபோல ஆகிவிடும்.

சூடம் ஏற்றினால் சட்டமாகிவிடுமா?

போட்டியில்லாமல் ஒருவர் தேர்வாவது சட்டப்படி சரிதான். ஊரே மனமொத்து ஒருவரை நிறுத்தினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. பணம் கைமாறி, அதற்காக மற்றவர்கள் நிற்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதுதான் பிரச்சினை. பணம் தனி ஆளுக்குப் போகவில்லை, கோயிலுக்குத்தானே போகிறது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். போட்டியிடும் உரிமை, போட்டியிலிருந்து விலகும் உரிமை எல்லாமே தேர்தல் உரிமைகள்தான். ஆதாயம் காட்டி அவற்றைப் பெறுவது அதே சன்ஹிதாவின் 170-வது பிரிவின்படி தேர்தல் லஞ்சம். பதவியை ஏலம் விடுவது தண்டனைக்குரியது என்று மாநிலத் தேர்தல் ஆணையமும் எச்சரித்திருக்கிறது.

சத்தியம் பற்றிக் கேட்டீர்கள். பலர் அதற்குத்தான் உண்மையில் பயப்படுகிறார்கள், இல்லையா? 171-வது பிரிவு தகாத செல்வாக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயத்தைத் தனியாகவே சொல்கிறது: வாக்காளரையோ வேட்பாளரையோ தெய்வக் குற்றம் வரும் என்று நம்பவைப்பதும் அதில் சேரும். அதாவது, சூடத்தை ஏற்றியவர் செய்ததுதான் குற்றம், பின்னால் மனம் மாறுகிறவர் செய்வதல்ல. இதைக் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். சாமிக்குப் பயப்படுகிறவர்களிடம் மட்டும் விவாதத்துக்குப் போகாதீர்கள். அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் குற்றங்களுக்கான தண்டனை ஓராண்டுவரைதான். பெரும்பாலும் நீதித்துறை நடுவரின் அனுமதி பெற்றுத்தான் போலீஸ் விசாரிக்க முடியும். இந்தப் பிரிவுகளை மட்டும் நம்பி யாரும் உள்ளே போய்விடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அக்கா மகன் கொண்டுவரும் நாலு கார்

அந்தப் பையனின் கோபத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். சித்தியை மிரட்டினால் எவனுக்கும் ரத்தம் கொதிக்கும். ஆனால் அந்த நாலு கார் ஊருக்குள் வந்த அன்று மாலை என்ன நடக்கும் என்பதை, வழக்குக்கட்டுகளைப் புரட்டியே காலம் தள்ளும் எனக்குச் சொல்லத் தெரியும். யார் முதலில் கை ஓங்கினார்கள் என்பது போய்விடும். உங்கள் பக்கம் ஒரு புகார், அவர்கள் பக்கம் ஒரு எதிர்ப்புகார். இரு தரப்பின் மீதும் வழக்கு. அப்புறம் எல்லோரும் 'நூத்தியேழு' என்று சொல்வார்களே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அந்தப் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126-வது பிரிவு, அதைப் போட்டு இரு தரப்பையும் கோட்டாட்சியர் முன் நிறுத்துவார்கள். ஓராண்டுவரை அமைதி காப்பதாகப் பிணை எழுதிக்கொடுக்க வேண்டிவரும். இதுவரை மிரட்டப்பட்டவர்களாக இருந்த பன்னிரண்டு பெண்கள், அன்றிலிருந்து 'இரு கோஷ்டிகளில் ஒன்று' ஆகிவிடுவீர்கள். எதிர்த்தரப்புக்கு இதைவிட நல்லது ஒன்றை நீங்கள் செய்துகொடுக்க முடியாது.

1942 பற்றியும் அவனுக்குச் சொல்லுங்கள். ஆகஸ்ட் போராட்டத்தில் திருவாடானைச் சிறை உடைக்கப்பட்டது உண்மை, தேவகோட்டை நீதிமன்றம் எரிந்ததும் உண்மை. துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போனதும் அதே கதையின் பகுதிதான். அது வெளிநாட்டு அரசு, ஐந்தே ஆண்டில் கப்பலேறிப் போனது. உங்களை மிரட்டுகிறவர் எங்கேயும் போகப் போவதில்லை. தேர்தல் முடிந்த மறுநாளும் அதே கண்மாய்க் கரையில், அதே ரேஷன் கடை வரிசையில் அவரைப் பார்க்க வேண்டும். இந்தச் சீமைக்கு வேறொரு கதையும் உண்டு. 1927-இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது சிராவயலில் ஜீவானந்தம் நடத்திய ஆசிரமத்துக்குப் போனார். நூற்புக்கும் தீண்டாமை எதிர்ப்புக்குமாக ஓர் இளைஞர் நடத்திய இடம் அது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. அடங்கிப் போவதை நான் அகிம்சை என்று எண்ணவில்லை. 1960-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் உணவகங்களில் போய் உட்கார்ந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டிலிருந்தே ஜேம்ஸ் லாசன் என்பவர் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஒருவர் வெள்ளையராக நடித்துத் திட்டுவார், தள்ளுவார். மற்றவர் கை ஓங்காமல், எழுந்தும் போகாமல் இருக்கப் பழகினார்கள். வாரக் கூட்டத்தில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒருவர் டீக்கடைக்காரராக நடித்து அந்தப் பஸ் கேள்வியைக் கேட்கட்டும். மற்றவர்கள் பதில் சொல்லிப் பார்க்கட்டும். "ஆமா, ஏழே காலுக்குத்தான். நீங்க கேட்டதை இன்னைக்குத் தேதி போட்டு எழுதி வச்சுக்கிறோம்ணே" என்று குரல் நடுங்காமல் சொல்ல வருவதற்கு நாலைந்து தடவை ஒத்திகை வேண்டியிருக்கும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பரவாயில்லை.

மனுவில் முதல் கையெழுத்து யாருடையது?

இதுவரை எல்லா மனுவிலும் உங்கள் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்த வரி அது.

உங்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான். 2025 ஜனவரியில், திருமயம் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகள் பற்றித் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி, லாரி மோதி இறந்தார். முதலில் விபத்தாகப் பார்க்கப்பட்டது, பிறகு கொலை வழக்கானது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. புகார் என்றாலே ஒரு முகம் என்று ஆகிவிட்டால், அந்த முகத்தை அகற்றினால் போதும் என்ற கணக்கு சிலருக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கைத்தான் நீங்கள் முதலில் உடைக்க வேண்டும்.

இனிமேல் எந்த மனுவும் குழுவின் பெயரில் போகட்டும். கையெழுத்துகளை மேலிருந்து கீழாக வாங்காமல் வட்டமாக வாங்குங்கள். முதல் ஆள், கடைசி ஆள் என்று யாரும் இருக்க மாட்டார்கள். கப்பல் கேப்டனிடம் முறையிட்ட பழங்கால மாலுமிகள் இப்படித்தான் செய்தார்கள். மனு கொடுக்கப் போகிறவர்களும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மூன்று பேராக இருக்கட்டும். பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பில் மற்றக் குழுக்களிடமும் பேசுங்கள். பன்னிரண்டு அறுபதானால் எந்த வாசலில் பைக்கை நிறுத்துவது என்று அவர்களுக்கே குழப்பமாகிவிடும்.

1993-இல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், பில்லிங்ஸ் என்ற நகரில், ஒரு யூதச் சிறுவனின் அறை ஜன்னலில் கல் விழுந்தது. ஜன்னலில் அவர்களுடைய பண்டிகை விளக்கின் படம் இருந்ததுதான் காரணம். உள்ளூர்ப் பத்திரிகை அந்த விளக்கை ஒரு முழுப் பக்கத்துக்கு அச்சிட்டது. யூதர் அல்லாத ஆயிரக்கணக்கானோர் அதை வெட்டித் தங்கள் ஜன்னல்களில் ஒட்டினார்கள். எந்த வீட்டில் கல்லெறிவது என்ற அடையாளம் அழிந்துபோனது. நான் சொல்லும் வட்டக் கையெழுத்தும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

காவல் நிலையத்துக்கு மறுபடியும்

போகத்தான் வேண்டும், ஆனால் தனியாக வேண்டாம், வாய்மொழியாகவும் வேண்டாம். தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, அருகில் இருந்தவர்கள் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'மிரட்டினார்கள்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'பாப்பா காலேஜ் பஸ் ஏழே காலுக்குத்தானே வருது' என்ற வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். பைக் எண் தெரிந்தால் அதையும். நோட்டின் நகல் ஊருக்கு வெளியே ஒருவரிடம் இருக்கட்டும்.

மனு கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173(4)-இன்படி மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். இதற்கெல்லாம் வக்கீல் பீஸ் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். வழக்கு பதிவாகிச் சாட்சிகளுக்கு அச்சுறுத்தல் தொடர்ந்தால், உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

போன் பதிவு பற்றி: உங்களிடம் பேசியதை நீங்கள் பதிவு செய்து வைத்திருப்பதற்காக யாரும் உங்களை உள்ளே தள்ளப் போவதில்லை. வெட்டாமல், சேர்க்காமல், அதே போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். போட்டால் இரண்டு நாள் பரபரப்பு இருக்கும், அப்புறம் எதிர்த்தரப்பு உஷாராகிவிடும், உங்கள் மீதே ஒரு புகாரும் வரலாம்.

தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டுக் கூப்பிடுவார்கள். போங்கள், மரியாதையாகப் பேசுங்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கும்போதுதான் கவனம் வேண்டும். 'அமைதி காப்போம்' என்று இருந்தால் சரி. 'போட்டியிட மாட்டேன்', 'புகாரை வாபஸ் வாங்குகிறேன்' என்று இருந்தால் போடாதீர்கள். தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நகல் கேளுங்கள், "வீட்டில் கலந்துகிட்டு வர்றோம்" என்று எழுந்து வாருங்கள். ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்று இப்போதைக்கு யோசிக்க வேண்டாம். போலீஸ் சட்டம் 30(2) நடப்பில் இருந்தால் அனுமதி இல்லாமல் கூடுவதே வழக்காகும். அதிலும் அக்டோபர் கடைசியில் குருபூஜைச் சமயத்தில் உங்கள் மாவட்டத்தில் தடையுத்தரவு வழக்கமாகப் போடுவதுதான்.

யார் அனுமதியும் தேவைப்படாத இடம் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். தனி அலுவலர் காலத்திலும் உங்கள் குரலுக்கு அங்கே இடம் உண்டு. 'எங்கள் ஊராட்சியில் பதவி ஏலத்தை ஏற்பதில்லை, யாரும் அச்சமின்றிப் போட்டியிடலாம்' என்று ஒரு தீர்மானத்தை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, கூட்டத்தில் முன்மொழியுங்கள். நிறைவேறாமல் போனாலும் யார் எதிர்த்தார்கள் என்று ஊர் பார்த்துவிடும். அதற்காகவாவது செய்யலாம்.

வயிற்றில் அடிக்கும்போது

இரண்டு கடை போய்விட்டது. இன்னும் இரண்டு போனால் குழுவில் நாலு பேர் விலகுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வீரமாகப் பேசுவதைவிட விற்பனையைக் காப்பாற்றுவது இப்போது அவசரம். 1962-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், கிரீன்வுட் பகுதியில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதும், உள்ளூர் நிர்வாகம் ஏழைகளுக்குத் தந்துவந்த இலவச உணவுப்பொருளை நிறுத்திவிட்டது. வடக்கிலிருந்து லாரிகளில் மாவும் பாலும் வந்தன. உணவு வாங்க வந்த வரிசையே பெயர் சேர்க்கும் வரிசையாக மாறியது. பட்டினி போட்டால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தவர்கள் கடைசியில் விநியோகத்தை மறுபடி தொடங்க வேண்டிவந்தது. நடுவில் துப்பாக்கிச்சூடும் நடந்தது என்பதையும் மறைக்கக்கூடாது.

உங்களுக்கு அது என்ன சொல்கிறது? உள்ளூர்க் கடையை நம்பியிருக்கும் வரை பிடி அவர்கள் கையில். தீபாவளிக்கு முன்பே சென்னை, கோவையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு நேரடியாகப் பார்சல் அனுப்ப ஆரம்பியுங்கள். செட்டிநாட்டுப் பலகாரத்துக்கு அங்கே ஆள் தேட வேண்டியதில்லை. குழுக் கணக்கில் ஒரு சிறு தொகையை, வேலை போன உறுப்பினருக்கு என்று தீர்மானம் எழுதி ஒதுக்கிவையுங்கள். பட்டறை முதலாளியிடம் சண்டை வேண்டாம். அவரும் பயந்துதான் பேசுகிறார். உங்கள் கணவரின் வேலையைப் பற்றி மட்டும் அவரிடம் பேசுங்கள். வங்கிக் கடனை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலுக்குப் பதிலே தேவையில்லை. கடன் வங்கிக்கும் குழுவுக்கும் நடுவில் உள்ளது, ஊராட்சித் தலைவருக்கு அதில் கையெழுத்தில்லை. நூறு நாள் வேலையை மறுத்தால், வேலை கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்துத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள்.

உங்கள் பொருளாளர்

'நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே படகில்' என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சரியில்லை. உங்களுக்குப் போனது இரண்டு கடை. அவருக்குப் போனது அன்றாடக் கூலி. அடி விழுந்தால் முதலில் விழும் இடம் காலனி. இந்தச் சீமையில் இது புதிதும் அல்ல. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நகை போடக்கூடாது, மேலாடை அணியக்கூடாது என்று எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. கண்டதேவியில் தேர்வடம் பிடிப்பது பற்றிய தகராறு எத்தனை காலம் நீதிமன்றத்தில் இழுத்தது, தேர் எத்தனை ஆண்டு ஓடாமல் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். 2024-இல் தேர் ஓடியபோதும் போலீஸ் காவலோடுதான் ஓடியது.

அவருக்குக் கூடுதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. பட்டியல் இனத்தவரை வாக்களிக்காமல், போட்டியிடாமல் தடுப்பதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும், செய்வதாக மிரட்டுவதும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஊரில் 'பி.சி.ஆர். கேஸ்' என்பார்கள். முன்ஜாமீன் கிடையாது, டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். ஆனால் அந்தப் புகாரைக் கொடுப்பதா இல்லையா என்பதை அவரும் அவர் குடும்பமும் முடிவு செய்யட்டும். குழுவின் ஆயுதமாக அதைப் பேசாதீர்கள். அவர் கொடுக்காவிட்டால் கோபப்படவும் வேண்டாம்.

நிற்பதா, வேண்டாமா

மேலூருக்குப் பக்கத்து மேலவளவை நினைக்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கிய அந்த ஊராட்சியில் தலைவராகத் தேர்வான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸில் வந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐந்து பேர். அதேபோல் ஒதுக்கிய பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996 தொடங்கிப் பத்தாண்டு முறையாகத் தேர்தலே நடக்கவில்லை. நடந்தாலும், ஜெயித்தவர் கையோடு ராஜினாமா செய்தார். 2006-இல்தான், அப்போதைய மதுரை ஆட்சியர் உதயச்சந்திரனும் அதிகாரிகளும் ஊருக்குள் திரும்பத் திரும்பப் போய்ப் பேசி, தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். ஜெயித்தபின் உங்களோடு யார் நிற்பார்கள் என்பதைப் பார்க்காமல் வேட்பு மனுவைப் பற்றி மட்டும் யோசிப்பது ஆபத்து.

உங்கள் ஊர் மேலவளவு அல்ல. இப்போது நடப்பது மிரட்டல், அதுவும் சிரித்துக்கொண்டே செய்யும் மிரட்டல். இது கைகலப்பாகவோ கத்தியாகவோ மாறும் அறிகுறி தெரிந்தால், அதாவது வெளியூர் ஆட்கள் வந்து தங்கினால், வீட்டில் கல் விழுந்தால், பொருளாளர் வீட்டுப் பக்கம் யாராவது போனால், தேர்தல் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள், பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்புங்கள். பின்வாங்கியதாக யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும்.

வன்முறையற்ற போராட்டங்கள் ஆயுதப் போராட்டங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வென்றிருக்கின்றன என்று 1900 முதல் 2006 வரையிலான போராட்டங்களைக் கணக்கெடுத்த எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அது நாடு தழுவிய போராட்டங்களின் கணக்கு. ஒரு கிராமத்து ஊராட்சித் தேர்தலுக்கு அதைக் காட்டி உங்களுக்கு வாக்குறுதி கொடுக்க மாட்டேன். வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். மகளின் சம்மதம் இல்லாமல் நிற்காதீர்கள்.

நிற்பது என்று முடிவானால், ஒருவராக மனுத் தாக்கல் செய்யாதீர்கள். தகுதியுள்ள நாலைந்து பேர் அதே பதவிக்குத் தாக்கல் செய்யுங்கள். யார் உண்மையான வேட்பாளர் என்பது வாபஸ் பெறும் கடைசி நாள் வரை உங்களுக்குள் இருக்கட்டும். நாலு வீட்டையும் ஒரே சமயத்தில் மிரட்டிப் பணியவைப்பது லேசல்ல. அன்று வாபஸ் நேரம் முடிவதற்குள் ஒருவர் நீங்கலாக மற்றவர்கள் வாபஸ் வாங்கலாம். பிரச்சாரத்தில் வீடு வீடாக ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: ஊராட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டுதான், தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, அதில் ஓட்டுப் போட்டவர் பெயர் எழுதியிருக்காது. எந்தத் தெருவில் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று அவர்கள் ஊகிக்கலாம், எந்த வீட்டில் யார் எங்கே முத்திரை குத்தினார் என்று தெரியாது.

சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது நோட்டு, போன், ஆதார் நகல், பழைய மனுக்களின் நகல், கிராமசபையில் கண்மாய்க் கணக்குக் கேட்ட தேதி, இவற்றை எடுத்துக்கொண்டு மூன்று பேராகப் போங்கள். பொருளாளர் வர விரும்பினால் அவரும் வரட்டும்.